அஞ்சே முக்கால் என்றால் மணி என்ன?

பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் மணி கேட்கிறார். கைபேசியை எடுத்துப் பார்க்கிறீர்கள். திரையில் 5:43 என்று பளிச்சென்று தெரிகிறது. "அஞ்சே முக்கால்" என்கிறீர்கள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி வண்டி வரும் திசையைப் பார்க்கிறார்.

கறாராகப் பார்த்தால் நீங்கள் சொன்னது உண்மையில்லை. ஆனாலும் கேட்டவர் ஏமாறவில்லை, உங்களுக்கும் பொய் சொன்ன உறுத்தல் இல்லை. இதே ஆள் கடையில் 43 ரூபாய்ச் சாமானுக்கு 45 ரூபாய் வாங்கினால் சும்மா விடமாட்டார். மீதி இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தாலே முகம் சுளிக்கிறவர்கள் நாம். காசில் பொறுக்காத இரண்டு, மணியில் மட்டும் எப்படிப் பொறுக்கிறது?

பேச்சில் இப்படி ஓரம் தட்டிச் சொல்வதை அலட்சியம் என்றே பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். சரியாகச் சொல்லத் தெரிந்தவர் சரியாகச் சொல்வார், தெரியாதவர் "சுமார்" போடுவார் என்பது நம் எண்ணம். அது எவ்வளவு தூரம் சரி என்று கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

சோம்பலா, உபகாரமா?

முதல் சந்தேகம் சோம்பலின் மேல்தான் விழும். "அஞ்சு நாப்பத்திமூணு" என்பதைவிட "அஞ்சே முக்கால்" வாய்க்குச் சுலபம். முள் கடிகாரமாக இருந்தால் கண்ணுக்கும் சுலபம். பெரிய முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, ஒன்பதை ஒட்டி நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

இந்தச் சந்தேகத்தைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. முள் இல்லாத, எண்ணைக் காட்டுகிற டிஜிட்டல் கடிகாரம் கட்டியவரிடம் மணி கேட்க வேண்டும். அவருக்குத் தோதானது, கண்ணில் படுவதை அப்படியே வாசிப்பது. அவர் 43-ஐ 45 ஆக்க வேண்டுமென்றால் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். சோம்பல்தான் காரணம் என்றால் அவர் 43 என்றே சொல்ல வேண்டும்.

ஜான்-பாப்டிஸ்ட் வான் டெர் ஹென்ஸ்ட், லோர் கார்ல், டான் ஸ்பெர்பெர் என்ற மூவர் இதைச் செய்து பார்த்து 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாதவர்களை அணுகி மணி கேட்பதுதான் சோதனை. முள் கடிகாரக்காரர்கள் ஏறத்தாழ எல்லோருமே ஐந்தின் மடங்குக்கு ஒதுக்கிச் சொன்னார்கள். அதில் வியப்பில்லை. டிஜிட்டல் கடிகாரக்காரர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படியே சொன்னார்கள் என்பதுதான் சேதி. கட்டுரையில் அது 57 சதவீதம். உங்களுக்கு "பாதிக்கு மேல்" என்பதே போதும் என்று நினைத்துத்தான் முதலில் அப்படிச் சொன்னேன்.

ஆக, கூடுதலாக ஒரு வேலை செய்தே பாதிப்பேர் எண்ணை மழுக்குகிறார்கள். யாருக்காக? ஆய்வாளர்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். "என் கடிகாரம் சரியாக ஓடவில்லை, மணி என்ன?" என்று கேட்டபோது, நிமிடம் பிசகாமல் சொன்னவர்கள் வெகுவாகக் கூடினார்கள். இன்ன மணிக்கு ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டபோது, அந்த மணி நெருங்க நெருங்க ஒதுக்கிச் சொல்வது குறைந்தது. யாரும் யாரிடமும் "நிமிடக் கணக்கு வேண்டும்" என்று கேட்கவில்லை. கேட்டவர் அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொன்னவர்கள் தாங்களாகவே ஊகித்து, அதற்கேற்றபடி விடையைக் கூர்மையாக்கினார்கள்.

சல்லடையின் கண்

சமையலறையில் மாவுச் சல்லடை ஒன்று இருக்கும், ரவைச் சல்லடை ஒன்று இருக்கும். ஒன்று நல்லது, மற்றது மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணின் அளவுதான் வேறு. பேச்சில் ஒரு எண்ணையோ நேரத்தையோ சொல்லும்போதும் ஒரு சல்லடையைக் கையில் எடுக்கிறோம். அதன் கண்ணின் அளவை இந்த அத்தியாயத்தில் "கண்ணளவு" என்று சொல்லப்போகிறேன். 5:43 என்பது ஒரு நிமிடக் கண்ணளவு. "அஞ்சே முக்கால்" ஐந்து நிமிடக் கண்ணளவாகவும் இருக்கலாம், கால் மணி நேரக் கண்ணளவாகவும் இருக்கலாம். "சாயங்காலம்" என்பது அதைவிடப் பெரிய கண்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு "காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்" என்று போட்டிருக்கும். ஒரே ஒரு மணியைச் சொல்லாமல், இரண்டு பக்கமும் எல்லை கட்டிய ஒரு இடைவெளியைச் சொல்கிறார்கள். எவ்வளவு தளர்வு உண்டு என்பதும் சேதியிலேயே அடக்கம் என்பதால், விஞ்ஞானிகள் அளவீட்டோடு பிழை வரம்பையும் எழுதுவதற்கு இது நெருங்கிய உறவு. அதே பத்திரிகையில் வரவேற்புக்கு "மாலை 6.30 மணி முதல்" என்று ஒரு எல்லைதான் இருக்கும். மறுபக்கம் திறந்துகிடக்கும். அந்த வீட்டுப் பெரியம்மா தொலைபேசியில் அழைக்கும்போது இரண்டையும் விட்டுவிட்டு, "டிபன் நேரத்துக்கே வந்துடு" என்பார். ஒரு கல்யாணம், மூன்று சல்லடை. தாலி கட்டும் வேளை, பந்தி நடக்கும் வேளை, நீங்கள் வாசலில் வந்து இறங்கும் வேளை என்று ஒவ்வொன்றும் எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு.

ஆறு கேள்வி, நாலு கேள்வி, ரெண்டு கேள்வி

இப்போது நிறுத்தத்து ஆசாமிக்குத் திரும்பி, நுணுக்கமாகச் சொன்னால் என்ன லாபம், மழுக்கிச் சொன்னால் என்ன நட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சேதியின் கனத்தை அளக்க கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் 1948-இல் ஒரு வழி சொன்னார். அவர் அப்போது பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்தார். விடையைக் கண்டுபிடிக்க ஆம்-இல்லை என்று பதில் வரும் கேள்விகள் எத்தனை தேவை என்று பார்ப்பதே அந்த வழி என்று எளிமையாகச் சொல்லலாம். ஒவ்வொரு நல்ல கேள்வியும் மிச்சமிருக்கும் சாத்தியங்களைப் பாதியாக்கும். அப்படி ஒரு கேள்விக்குரிய சேதிதான் இன்று கணினிக்காரர்கள் சொல்லும் "பிட்".

ஐந்து மணி கடந்துவிட்டது என்பது மணி கேட்டவருக்கே தெரியும். தெரியாதது நிமிடம் மட்டும். 60 சாத்தியங்கள். "அரை மணி தாண்டியாச்சா?" என்று தொடங்கிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஆறு கேள்விகளில் சரியான நிமிடத்தைப் பிடித்துவிடலாம். ஐந்து நிமிடக் கண்ணளவு போதுமென்றால் சாத்தியங்கள் 12தான், நாலு கேள்வி போதும். கால் மணி நேரக் கண்ணளவென்றால் சாத்தியங்கள் 4, கேள்வி இரண்டே.

நட்டம் எவ்வளவு? ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கினால் பிழை சில வேளை சுழி, சில வேளை ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. சராசரி எடுத்தால் 1.2 நிமிடம், அதாவது 72 விநாடி. கால் மணிக்கு ஒதுக்கினால் பிழை ஏழு நிமிடம் வரை போகலாம். சராசரி நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் இரண்டு கேள்வி அரைகுறை இருட்டை விலக்கி, சராசரியாக நாலு நிமிடப் பிசகுக்குள் கொண்டுவந்து விடுகிறது. அடுத்த இரண்டு கேள்வி இன்னும் இரண்டரை நிமிடத்தைச் சீர்செய்கிறது. கடைசி இரண்டு கேள்விக்குக் கிடைப்பது வெறும் 72 விநாடி. உழைப்பு ஒரே அளவு, கிடைக்கும் பலனோ படிக்குப் படி சுருங்குகிறது. வரும் வண்டியோ டவுன் பஸ். பத்து நிமிடம் முன்பின் என்பது அதற்குச் சகஜம். அந்தப் பத்து நிமிட மூட்டத்துக்குள் 72 விநாடி எங்கே போய் ஒளியும் என்று தெரியாது.

அதே ஆள் 5:50 மின்ரயிலைப் பிடிக்க வேண்டியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேம்பாலம் ஏறி இறங்கி நடைமேடைக்குப் போக ஆறு நிமிடம் ஆகும். 5:43-ஐ "அஞ்சே முக்கால்" என்று சொன்னால், இனி பிடிக்க முடியாது என்று நின்றுவிடுவார். உண்மையில் ஓடாமலே பிடித்திருக்கலாம். போன ரயில் அநியாயமாகப் போனது. மறுநாள் 5:47-க்கு அதே "அஞ்சே முக்கால்" சொன்னால், அடுத்து 5:52 ரயிலைப் பிடிக்க ஏழு நிமிடம் இருப்பதாக நம்பி நிதானமாக டீ கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பி, ஒரு நிமிடத்தில் கோட்டைவிடுவார். இரண்டு நிமிடப் பிசகு டவுன் பஸ்ஸுக்கு ஒன்றுமேயில்லை, மின்ரயிலுக்கு அதுவே எல்லாம். பிழையின் அளவை மட்டும் பார்த்து அது பெரிதா சிறிதா என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

இருவர் உழைப்பு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஜிப்ஃப் 1949-இல் எழுதிய நூலில் இந்த இழுபறியை மொழி முழுவதற்கும் விரித்துப் பார்த்தார். பேசுகிறவர் வசதியை மட்டும் பார்த்தால், எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இருந்தால் போதும். அவர் அதையே சொல்லிக்கொண்டிருப்பார், கேட்பவர் மண்டையை உடைத்துக்கொள்வார். கேட்பவர் வசதியை மட்டும் பார்த்தால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிச்சொல் வேண்டும். பேசுகிறவரால் அத்தனையையும் நினைவில் வைக்க முடியாது. உலகத்து மொழிகள் எல்லாம் இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் எங்கோ ஒரு சமரசத்தில் நிற்கின்றன என்பது அவர் வாதம்.

ஜிப்ஃபின் விளக்கத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. பேசுகிறவருக்குச் சுலபம் என்றால் கேட்பவருக்குக் கஷ்டம் என்று அவர் தராசின் இரு தட்டாக வைத்துவிட்டார். மணி சொல்லும் விஷயத்தில் தட்டுகள் அப்படிச் சாயவில்லை. டிஜிட்டல் கடிகாரக்காரர் தன் வேலையைக் கூட்டிக்கொண்டு சொன்ன மொட்டை விடைதான் கேட்பவருக்கும் இலகு. 43 என்று கேட்டால் அதை மனதில் ஏந்திக்கொண்டு மேலே கணக்குப் போட வேண்டும். முக்கால் என்றால் ஆறு மணிக்குக் கால் மணி என்று உடனே தெரிந்துவிடும்.

பத்துப் பதினஞ்சு

நம் பேச்சில் தோராயம் சொல்ல இரண்டு எண்களை ஒட்டவைக்கும் வழக்கம் உண்டு. ரெண்டு மூணு, அஞ்சாறு, ஏழெட்டு. பத்துக்கு மேல் போனதும் தாவல் பெரிதாகிறது. பத்துப் பதினஞ்சு, இருபது முப்பது, நூறு நூத்தம்பது, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு. கூட்டத்தைப் பார்த்து வந்தவர் "நாப்பத்தேழு நாப்பத்தெட்டு பேர் இருந்தாங்க" என்றால் நமக்கு உடனே தோன்றுவது, இந்த ஆள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், ஒருவரை இருமுறை எண்ணினோமா என்று மட்டும் சந்தேகம் என்பதுதான்.

எண் பெரிதாகப் பெரிதாகத் தாவலும் ஏன் பெரிதாக வேண்டும்? 1871-இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குள் கைக்கு வந்தபடி அவரைக்கொட்டைகளை வீசி, ஒரு பார்வையில் எத்தனை விழுந்தன என்று மதிப்பிட்டு, பிறகு எண்ணிப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை. மூன்றும் நாலும் விழுந்தபோது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஐந்தில் தப்பத் தொடங்கியது. மேலே போகப் போகப் பிழை விரிந்துகொண்டே போனது.

லைப்சிக் நகரத்து எர்ன்ஸ்ட் வேபர் இதற்கு முன்பே எடைகளை வைத்து ஒரு ஒழுங்கைக் கண்டிருந்தார். கையில் உள்ள எடை கூடக் கூட, வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சேர்க்க வேண்டிய எடையும் அதே விகிதத்தில் கூட வேண்டும். அரைக் கிலோப் பையில் நூறு கிராம் கூடினால் தெரியும். மூட்டையில் தெரியாது. ஏழெட்டு என்பதில் இடைவெளி ஒன்று, பத்துப் பதினஞ்சில் ஐந்து, நூறு நூத்தம்பதில் ஐம்பது. கண்ணும் கையும் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிய முடியுமோ, நாக்கும் ஏறக்குறைய அவ்வளவுக்கே இடைவெளி விடுகிறது. இலக்கணம் கற்றுக்கொடுக்காமலே நாம் இதைச் சரியாகச் செய்கிறோம்.

மொட்டை எண், கூர் எண்

ஜெர்மன் மொழியியலாளர் மான்ஃப்ரெட் கிரிஃப்கா இதில் இன்னொரு முடிச்சைக் கவனித்தார். 1000 கிலோமீட்டர் என்று சொன்னால் "ஏறத்தாழ" என்ற சொல் இல்லாமலே ஏறத்தாழ என்று எடுத்துக்கொள்கிறோம். 965 என்று சொன்னால் அளந்து சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். மொட்டை எண் தன் கண்ணளவு பெரிது என்று தானே அறிவித்துவிடுகிறது, கூர் எண் சிறிது என்று அறிவிக்கிறது.

இந்த அறிவிப்பு சில வேளை காலை வாரும். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணி, அரை நூற்றாண்டு கழித்து இமயமலையை எட்டியது. அங்கே "15ஆம் சிகரம்" என்று குறித்த மலையின் உயரம், பல இடங்களிலிருந்து எடுத்த அளவுகளின் சராசரியாக மிகச் சரியாக 29,000 அடி வந்ததாம். இத்தனை பாடுபட்டு வந்த எண்ணை வெளியிட்டால் உலகம் அதைக் குத்துமதிப்பு என்றுதான் படிக்கும் என்று பயந்து, தலைமை அளவையர் ஆண்ட்ரூ வா 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார் என்பது அளவைக்காரர்களிடையே நெடுநாளாக வழங்கும் கதை. எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலில் இரண்டு அடி வைத்தவர் அவர்தான் என்று கேலியும் உண்டு. கதையின்படி, நம்பப்படுவதற்காகவே ஒரு துல்லியமான எண்ணைத் தவறாக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரானது நம் வீட்டு ஜுரமானி. வேபரின் லைப்சிக்கிலேயே மருத்துவராக இருந்த கார்ல் வுண்டர்லிக், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வெப்பநிலையைத் தொகுத்து 1868-இல் நூலாக வெளியிட்டார். ஆரோக்கியமான உடம்புக்கு அவர் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ். மொட்டை எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6 வருகிறது. தசமப் புள்ளி வந்து ஒட்டிக்கொண்டதும், பத்தில் ஒரு டிகிரிவரை பார்த்துப் பார்த்து அளந்த தோற்றம் அதற்கு வந்துவிட்டது. 37 என்பது உண்மையில் 36.5 முதல் 37.5 வரை என்று எடுத்துக்கொண்டால், ஃபாரன்ஹீட்டில் அது 97.7 முதல் 99.5 வரை. ஆரோக்கியமான ஆளுக்கே காலையில் குறைந்தும் மாலையில் கூடியும்தான் இருக்கும். பிள்ளைக்கு 98.9 காட்டியதும் பள்ளிக்கு லீவு போடுகிற வீடுகள், மாற்றுக் கணக்கில் வந்த புள்ளியைப் பார்த்துப் பயப்படுகின்றன.

ஒரு ஸ்பூன்

கண்ணளவைப் பெரிதாக வைக்கவே கூடாத இடம் ஒன்றும் அதே ஜுரத்தில்தான் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்கிறார்: "குழந்தைக்கு உடம்பு சுடுதா, அத்தை? ஜுர மருந்து ஒரு ஸ்பூன் குடுத்துடுங்க." மாமியார் கொடுக்கப் போகிறார்.

பாராசிட்டமால் குழந்தையின் எடைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுப்பது வழக்கம். 10 கிலோக் குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். பாருங்கள், மருந்தின் அளவிலேயே தாராளமான இடைவெளி இருக்கிறது. முகூர்த்த நேரம் போல இரண்டு எல்லை. குழந்தையின் எடை 9.6 கிலோவா 10.3 கிலோவா என்று மருத்துவர் அலட்டிக்கொள்ளாமல் 5 மில்லி என்று எழுதுகிறார். அவர் மழுக்கியது சரியான மழுக்கல்.

சிக்கல் பாட்டிலில் தொடங்குகிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கடையில் உண்டு, 5 மில்லியில் 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். முதல் பாட்டிலில் 5 மில்லி என்றால் 125, எல்லைக்குள் இருக்கிறது. இரண்டாவதில் 250, எல்லை தாண்டியாயிற்று. டிராப்ஸ் பாட்டிலை எடுத்து அதே 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், மேல் எல்லையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இதில் ஸ்பூன் வேறு. பாயசம் குடிக்கிற ஸ்பூனும் சர்க்கரை டப்பாவில் கிடக்கிற ஸ்பூனும் ஒரே அளவு பிடிப்பதில்லை. பிழைகள் ஒன்றை ஒன்று பெருக்கிக்கொண்டு போகும்.

தாயும் மாமியாரும் "ஒரு ஸ்பூன்" என்று பேசிக்கொள்வதில் பேச்சு ரீதியாக ஒரு குறையும் இல்லை. தேனுக்கும் நெய்க்கும் நூறு முறை அப்படித்தான் பேசியிருப்பார்கள், ஒரு தீங்கும் வந்திருக்காது. இங்கே மட்டும் அந்தச் சல்லடையில் மூன்று வெவ்வேறு பாட்டில்கள் ஒரே கண் வழியாக விழுந்துவிடுகின்றன. ஆகவே அந்தத் தொலைபேசிப் பேச்சு இப்படி நீளவேண்டியிருக்கிறது: "ஃபிரிட்ஜ் மேல இருக்கிற பாட்டில், அத்தை. லேபிள்ல 125னு போட்டிருக்கா பாருங்க. அதோட வந்த மூடியில 5னு கோடு இருக்கும், அதுவரைக்கும்." எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது தேவையும் இல்லை. அடுத்த வேளை எப்போது என்று மாமியார் கேட்டால் "ஆறு மணி நேரம் கழிச்சு" என்றால் போதும். 5:43-க்குக் கொடுத்ததை 11:43-க்குக் கொடுக்க வேண்டுமென்று யாரும் அலாரம் வைக்கத் தேவையில்லை.